புதுப்பிப்பு: ஐடிலில் நடுங்கிய எம்ஜிபி

வீட்டு கராஜில் புதுப்பித்து வரும் என் 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, நடுங்குகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் எவ்வளவு திருகினாலும் நிலைக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை மாற்றச் சொன்னவர்கள் சிலர்; காற்றுக் கசிவைப் பார்க்கச் சொன்னவர்கள் சிலர். இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

எஞ்சின் ஓடும்போது த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) முனைகளில் கார்ப் கிளீனரை லேசாக அடித்ததும் ஆர்பிஎம் (எஞ்சின் வேகம்) மாறியது. கசிவு அங்கேதான். அரை நூற்றாண்டுத் தேய்மானம், வேறென்ன! (கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அங்கேயே கீழே இருக்கிறது. தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.) புது ஸ்பிண்டிலும் அதைத் தாங்கும் புஷ்ஷும் போட்டாயிற்று.

அப்புறம் ட்யூனிங். கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் வால்வ் இடைவெளி, 0.015 அங்குலம். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்ஸுக்கும் அதேதான். பிறகு டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். அதன்பின் இரு கார்புரேட்டர்களின் இணைப்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து, உறிஞ்சும் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகினேன். கலவைக்குக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி.

இப்போது ஐடில் சீராக இருக்கிறது. ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) மட்டும் மூன்றாம் கியரில் பிடிக்கிறது, நான்கில் மறுக்கிறது. கியர்பாக்ஸ் சுவிட்ச் மேல்தான் சந்தேகம்.