நாலு ரேம் போட்டால் மட்டும் ப்ளூ ஸ்கிரீன்: வேகத்தைக் குறைக்கவா, வோல்டேஜை ஏற்றவா?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் அசெம்பிள் செய்த கணினி, விண்டோஸ் 11. டிடிஆர்4 3600 ரேம், 8 ஜிபி நான்கு. இரண்டு இரண்டாக வெவ்வேறு சமயத்தில் வாங்கிய கிட்கள். எக்ஸ்எம்பி (ரேமை அதன் 3600 வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்தால் ப்ளூ ஸ்கிரீன்: ஒரு சமயம் 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு சமயம் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. மினிடம்ப் ஃபைல்களை (க்ராஷ் ஆகும்போது விண்டோஸ் சேமிக்கும் பதிவு) திறந்தால் ஒவ்வொன்றிலும் வேறு டிரைவர் பெயர். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் சந்தேகம் ரேம் மேல்.

மெம்டெஸ்டில் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஒவ்வொரு ஸ்டிக்கும் தனியாக மதர்போர்டின் ஏ2 ஸ்லாட்டில் பாஸ். ஏ2, பி2-வில் எந்தக் கிட்டைப் போட்டாலும் 3600-இல் பாஸ். நான்கும் சேர்ந்தால் எரர் கொட்டுகிறது. எக்ஸ்எம்பியை அணைத்து 2666-இல் ஓட்டினால் பிரச்சினையே இல்லை. ஆக ஸ்டிக் பழுதில்லை. நான்கையும் 3600 வேகத்தில் மெமரி கன்ட்ரோலரால் (ப்ராசஸரில் ரேமை இயக்கும் பகுதி) இழுக்க முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

டைமிங் (ரேமின் தாமத அளவுகள்) 18-22-22-42, வோல்டேஜ் 1.35, பயாஸ் அப்டேட் ஆகிவிட்டது.

3200-க்கு இறக்குவது நல்லதா, 3600-லேயே வைத்து 1.40 வோல்ட் கொடுக்கலாமா? கமாண்ட் ரேட்டை (ரேமுக்குக் கட்டளை அனுப்ப எடுக்கும் கிளாக் சுற்றுகள்) 1டி-யிலிருந்து 2டி ஆக்கினால் போதுமா? நான்கு ஸ்டிக் ஓட்டுபவர்கள் உங்கள் செட்டிங்கைச் சொல்லுங்கள். ரேம் எரரில் சேவ் செய்யும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் என்பதால், அதுவரை 2666-இல்தான் வேலை.