மார்கழியில் மேட்டூர் அணையில் பரிசல் தூண்டில்: எத்தனை மணிக்கு இறங்கணும், என்ன இரை?

ஓமலூரான்:
வணக்கங்க. சேலத்துல இருந்து நாலு பேர், மார்கழிக் கடைசியில ஒரு ஞாயிறு மேட்டூர் அணை நீர்த்தேக்கத்துல பண்ணவாடிப் பக்கம் பரிசல்ல தூண்டில் போடலாம்னு இருக்கோம். கரையில உக்காந்து ஜிலேபி மீன் பிடிச்ச பழக்கம் உண்டு, பரிசல்ல இருந்து போட்டதில்லை. ரோகு, மிர்கால் எதிர்பார்க்கிறோம். விடியற்காலை 5 மணிக்கே தண்ணிக்குள்ள இருந்தா நல்லதா? குளிர்ல மீன் இரை எடுக்குமா? பரிசலை ஒரே இடத்துல எப்படி நிறுத்தறது?

தக்கை:
5 மணிக்கே போயிருங்க பாஸ். வெயில் ஏறினா மீன் ஆழத்துக்குப் போயிரும். மண்புழு போதும், மத்ததெல்லாம் வீண் செலவு.

கொளத்தூர் பரிசல்:
தம்பி, மேலே சொன்னது சித்திரை, வைகாசிக்குச் சரி. மார்கழியில நேர் எதிர். ராத்திரி முழுக்கப் பனியில மேல்தண்ணி குளுந்து கிடக்கும். தண்ணி குளுந்தா ரோகு, மிர்கால் மாதிரி கெண்டை வகைக்குச் செரிமானம் மந்தமாயிரும், இரை தேடி அலையாது. வெயில் பட்டு ஓரத்துத் தண்ணி கொஞ்சம் சூடானதும்தான் மேயக் கிளம்பும். 8 மணிக்கு மேல 11 வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 3லருந்து 5, இந்த ரெண்டும்தான் நேரம்.

இன்னொரு காரணமும் இருக்கு. ராத்திரி விட்ட வலையை மீனவங்க விடிஞ்சதும்தான் எடுப்பாங்க. பனிமூட்டத்துல வலைமேல பரிசலை நிறுத்தற கல்லை இறக்கினா அவங்களுக்கு வலை போச்சு, உங்களுக்குக் கல் போச்சு. காலி பாட்டிலோ தெர்மாகோல் துண்டோ வரிசையா மிதந்தா கீழே வலை இருக்குன்னு அர்த்தம்.

முதல்ல அனுமதியைப் பாருங்க. அங்க மீன் பிடிக்கிற உரிமை மீன்வளத்துறை உரிமம் கொடுத்த மீனவங்களுக்குத்தான். மேட்டூர்ல இருக்கிற மீன்வளத்துறை அலுவலகத்துல கேட்டுட்டு, உரிமம் உள்ள ஒருத்தரோட பரிசல்ல, அவரையே துடுப்புப் போடச் சொல்லிப் போறதுதான் முறை. அணைச்சுவர், 16 கண் மதகுப் பக்கம் போகவே கூடாது. பாலாறு பக்கம் காடும் மாநில எல்லையும் சேர்ந்து வரும், அங்கயும் வேண்டாம்.

நிறுத்தற விஷயம். ஒரே கல் கட்டினா பரிசல் அதைச் சுத்திச் சுத்தி வரும், நாலு பேர் தூண்டில் நரம்பும் சடை பின்னிக்கும். 5, 6 கிலோவுல ரெண்டு கல், எதிரெதிர் பக்கமா இறக்கணும். கயிறு ஆழத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம் இருக்கட்டும். விறைப்பாக் கட்டினா அலை அடிக்கும்போது விளிம்பு கீழே இழுபட்டு தண்ணி உள்ள வரும். ஒரே இழுப்புல அவிழற சுருக்கு முடிச்சுதான் போடணும். விளிம்புல உக்காராதீங்க, எழுந்து நிக்காதீங்க. ஒரு பரிசலுக்கு துடுப்புக்காரரைச் சேர்த்து மூணு பேர் போதும், நாலு பேருக்கு ரெண்டு பரிசல் எடுங்க. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தண்ணி இறைக்க ஒரு மக். ஏறுறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் தார் வெடிச்சிருக்கான்னு தடவிப் பாத்துருங்க.

ஆடிக் காத்து மாதிரி இப்ப அடிக்காது, அந்த வகையில பரிசலுக்கு மார்கழி நல்ல மாசம். ஆனா வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம்னு சேதி வந்தா பயணத்தைத் தள்ளிப் போட்டுருங்க.

ஈயக்குண்டு:
இரை பத்தி மட்டும் சொல்றேன். மண்புழு போட்டா ஜிலேபியும் கெளுத்தியும்தான் முந்தும். ரோகு, மிர்காலுக்கு மாவு. கோதுமை மாவு 2 பங்கு, பொட்டுக்கடலை மாவு 1 பங்கு, மைதா அரைப் பங்கு, வெந்தயப்பொடி ஒரு ஸ்பூன், பெருங்காயம் ஒரு சிட்டிகை. கெட்டியாப் பிசைஞ்சு இட்லிப் பானையில 10 நிமிஷம் ஆவி காட்டி, ஆறினதும் மறுபடி பிசையணும். மைதா இல்லாம செஞ்சா தூண்டில் முள்ளு கீழே போறதுக்குள்ள மாவு கரைஞ்சு போயிருக்கும், வெறும் முள்ளைத்தான் காவல் காப்பீங்க.

மீனைக் கூட்டத் தண்ணியில தூவுறதுக்கு கடலைப் பிண்ணாக்கு 1 கிலோவை ராத்திரியே ஊறவச்சு, தவிடு 2 கிலோவும் கொஞ்சம் கரை மண்ணும் சேர்த்து ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருட்டுங்க. மண்ணு இல்லைன்னா உருண்டை அடிக்குப் போகாம மேலேயே பிரிஞ்சுரும். கோடையில போடுறதுல பாதி போதும். குளிர்ல மீன் கொஞ்சம்தான் தின்னும், தூவினதுலயே வயிறு நிறைஞ்சா உங்க முள்ளைத் திரும்பிப் பாக்காது.

நரம்பு 0.30 மி.மீ., முள் 8ஆம் நம்பர். ராடு 6, 7 அடிக்கு மேல வேண்டாம், நீள ராடு பரிசல்ல பக்கத்து ஆள் கண்ணுக்கு ஆபத்து. ஆழம் பாக்க முதல்ல வெறும் ஈயத்தை இறக்கி நரம்புல முடிச்சுப் போட்டுக்குங்க. மிர்காலுக்கு இரை தரையை ஒட்டி இருக்கணும், ரோகுவுக்குத் தரையிலருந்து ரெண்டு மூணு அடி மேல. கட்லா மேல்தண்ணி மீன், இந்த மாவுக்கு எப்பவாவதுதான் வரும்.

பண்ணவாடியில இன்னொரு சிக்கல். 1934ல அணை கட்டி முடிச்சப்போ மூழ்கின ஊர், கோயில், தேவாலயமெல்லாம் அடியில இருக்கு. மட்டம் நல்லா இறங்கினா நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளிய தெரியும். தெரியாத நாள்லதான் முள்ளு மாட்டும். அதனால ஈயத்தை 0.18 நரம்புல கிளையாத் தொங்க விடுங்க. மாட்டினா ஈயம் மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பும்.

ஓமலூரான்:
ரொம்ப நன்றிங்கண்ணா. டெல்டாவுக்குத் தண்ணி விடறதால மட்டம் தினம் இறங்குதே, அது பாதிக்குமா? மீனைத் தூக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கொளத்தூர் பரிசல்:
வழக்கமா ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடுவாங்க. அதுவரைக்கும் மட்டம் மெதுவா இறங்கினா பரவாயில்லை. முந்தின நாளைவிட வெளியேத்தம் திடீர்னு கூடியிருந்தா ஓரத்து மீன் உள்ள நகர்ந்துரும், அன்னிக்குக் கரையிலருந்து இன்னும் தள்ளிப் போடுங்க. தண்ணி இறங்கின கரையில மேலே காய்ஞ்ச மாதிரி தெரியும், கால் வச்சா முழங்கால் வரைக்கும் சேறு. பரிசல் ஏறுற இடத்தை ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க.

தூக்கறப்போ நரம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க, விளிம்பு மூங்கில் சிம்பு பட்டு அறுந்துரும். விளிம்புல ஒரு முழத்துக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுத்திட்டு, அந்தப் பக்கமாவே கைவலையில அள்ளுங்க. ஒருத்தர் அள்ளும்போது மத்தவர் எதிர்ப் பக்கம் சாய்ஞ்சு உக்காரணும், எட்டிப் பாக்கக் கூடாது.

ஈயக்குண்டு:
கெளுத்தி வந்தா கையால பிடிக்காதீங்க, முதுகுலயும் ரெண்டு பக்கமும் இருக்கிற முள்ளு குத்தினா கடுகடுன்னு வலிக்கும். டீ பிளாஸ்க்கோட வெந்நீருக்குன்னு இன்னொரு பிளாஸ்க் எடுத்துக்குங்க. குத்தின இடத்தைக் கழுவிட்டு, தாங்குற சூட்டுல அரைமணி நேரம் முக்கி வச்சா வலி இறங்கும். தோல் பொசுங்காத சூடான்னு குத்தாத கையை விட்டுப் பாத்துக்கணும், குத்தின கைக்குச் சூடு சரியாத் தெரியாது. முள்ளு உள்ளே ஒடிஞ்சிருந்தா தோண்டாம நேரா ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசி.