கலைச்சொல் தேவை: 'பேக்லிங்க்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

திருநெல்வேலியிலிருந்து:

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் வலைப்பதிவு எழுதப் பழகும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமாக ஒரு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். காசு செலவழிக்காமல் ஒரு சிறிய வலைப்பதிவுக்குப் பிற தளங்களிலிருந்து இணைப்புகளைப் பெறுவது எப்படி என்பது ஐந்தாம் இயலின் பொருள். பிறர் தம் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்குத் தரும் இணைப்பைத்தான் பேக்லிங்க் என்கிறார்கள். 'பின்னிணைப்பு' என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நூலின் இறுதியில் சேர்க்கும் அட்டவணைகளுக்கு அச்சொல் நிலைத்துவிட்டது. இந்தக் கையேட்டுக்கே இரண்டு பின்னிணைப்புகள் உள்ளன. சொல் எங்கெல்லாம் வரும் என்பது விளங்குவதற்காக இயலின் ஒரு பகுதியை, வேண்டிய இடங்களில் கோடிட்டுத் தருகிறேன்.

"கூந்தன்குளத்துக்கு வலசை வரும் வரித்தலை வாத்துகளைப் பற்றி நீங்கள் எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். பிறரிடம் ______ கேட்பதற்கு முன், அவர்கள் சுட்டத்தக்க ஒரு பக்கமாவது உங்களிடம் இருக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பறவை அங்கே காணக்கிடைக்கிறது என்று நீங்களே பார்த்து எழுதிய அட்டவணை அத்தகைய பக்கம். அடுத்து, பறவைகளைப் பற்றிய பிற தளங்களில் உள்ள இணைப்புகளை அழுத்திப் பாருங்கள். 404 என்ற பிழைப் பக்கம் வந்தால், அந்த இணைப்பு செத்துவிட்டது என்பதைத் தளத்தாருக்குத் தெரிவித்து, அதே பொருளில் உங்களிடம் ஒரு பக்கம் இருப்பதையும் பணிவாகச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த படத்தை உங்கள் பெயருடன் யாராவது எடுத்தாண்டிருந்தால், ஒரு ______ சேர்க்கும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். இதுவரை கிடைத்த ______களை, தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கட்டணமின்றிப் பார்க்கலாம்."

கோவையிலிருந்து:

'பின்தொடுப்பு' என்பதை முன்மொழிகிறேன். லிங்க் என்பதற்குத் தொடுப்பு என்ற சொல் வலைப்பதிவர்களிடையே முன்பே வழங்கியது. தொடை, தொடர், தொடலை என்று ஒரு பெருங்குடும்பத்தையே பெற்ற வேரிலிருந்து அது வருவதால், ஒன்றோடு ஒன்றைக் கோப்பது என்ற பொருள் அதில் இயல்பாக நிற்கிறது. 'னலமுன் றனவும்' என்ற நன்னூல் விதிப்படி இதைப் பின்றொடுப்பு என்று புணர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. 'பின்னூட்டம்' இதே வழியில் பிறந்து இன்று எல்லார் வாயிலும் வழங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மதுரையிலிருந்து:

கோவை ஐயாவின் இலக்கணம் சரிதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் 'தொடுப்பு' இருக்கிறது என்றால் அதன் பொருள் வேறு. தகாத உறவைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை அமைதிப்படுத்துவது எளிதன்று. மற்றொன்று, 'பின்' என்பதே இங்கு வழிகாட்டவில்லை. 'பின்வருமாறு' என்று எழுதினால் அதற்கு அடுத்து வருவதைக் குறிக்கிறோம். 'பின்சென்றான்' என்றால் ஒருவரைத் தொடர்ந்து போனான் என்கிறோம். வேறொருவர் தம் பக்கத்திலிருந்து நம்மை நோக்கிக் கைகாட்டுகிறார் என்ற செய்தி இவற்றில் எங்கும் இல்லை. பின்றொடுப்பு என்று புணர்த்துவிட்டால் படிக்கிறவர் பொருளைத் தேடுவதற்கு முன் சொல்லையே பிரித்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து:

கைகாட்டுதல் என்று அம்மையார் சொன்னதும் எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் வகுக்கிறது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனிடம் தான் பெற்றதைச் சொல்லி, இன்ன வழியே போ, இன்னாரைப் பார் என்கிறான். ஒரு பக்கத்தைப் படித்துப் பயன்பெற்றவர் தம் வாசகரை அங்கே அனுப்புவதும் இதே செயல்தான். பாணனுக்கு யாரும் கூலி கொடுத்து அப்படிச் சொல்லவைக்கவில்லை என்பதையும் இந்த இயலின் பொருளோடு சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். 'ஆற்றுப்படுப்பு' என்று வைத்துக்கொண்டால், இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய ஒரு கருத்து புதிய பயன்பாட்டில் வாழும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயாவின் விளக்கத்தை மிகவும் விரும்பி வாசித்தேன். எனினும் எங்கள் நாட்டில் ஆற்றுப்படுத்தல் என்பது உளவளத்துணையை, அதாவது மனநல ஆலோசனையைக் குறிக்கும் சொல்லாகப் புழங்குகிறது. போரையும் ஆழிப்பேரலையையும் கடந்துவந்த மக்களிடையே அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. ஒரு வலைத்தளம் ஐம்பது ஆற்றுப்படுப்புகளைப் பெற்றது என்று எங்களால் எழுத இயலாது.

பெங்களூரிலிருந்து:

தேடுபொறித் துறையில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1996இல் உருவாக்கிய தேடுபொறிக்கு முதலில் பேக்ரப் என்றே பெயர். ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளை ஆராய்ந்ததால் அந்தப் பெயர். அதுவே பின்னர் கூகுள் ஆயிற்று. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டுவதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் வழக்கத்தை வலைக்குப் பொருத்தியதுதான் அவர்கள் செய்தது. எனவே இதன் உட்பொருள் மேற்கோள் என்பதாகும்.

சொல்லைவிட அதனோடு வரும் வினையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆங்கிலத்தில் இணைப்புகளைக் 'கட்டுவது' என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுப் புதியவர்கள் செங்கல் அடுக்குவதைப் போல, கண்ட வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில் எல்லாம் தம் முகவரியை ஒட்டத் தொடங்குகிறார்கள். அது வீண் உழைப்பு. பின்னூட்டக் குப்பையைத் தடுப்பதற்காகவே 2005இல் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் நோஃபாலோ என்ற குறியை ஏற்றன. அந்தக் குறி இடப்பட்ட இணைப்பைத் தரவரிசைக்கான சான்றாக எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் அறிவித்தது. 2019 முதல் அதைக் கட்டாய விதியாக அல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் கொள்கிறது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளுக்கும் அந்தக் குறி உண்டு. 2012இல் கூகுளின் தரவரிசை முறையில் வந்த பெங்குவின் என்ற மாற்றம், இணைப்புகளை விலைக்கு வாங்கியும் செயற்கையாகப் பெருக்கியும் வைத்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. ஆகவே எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் 'பெறுதல்' என்ற வினையோடு சேர்த்து எழுதுங்கள். 'உருவாக்குதல்' என்று எழுதாதீர்கள்.

என் பரிந்துரை வரவிணைப்பு. 'உள்வரும் இணைப்பு' என்றால் ஒரே தளத்தின் பக்கங்களுக்கு இடையிலான உள்ளிணைப்போடு குழம்பும். 'வருசுட்டி' என்பது அழகான வினைத்தொகை என்றாலும், சுட்டி என்பதைப் பலர் கணினி மவுசுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

கோவையிலிருந்து:

வரவிணைப்பு என்றால் நம் பக்கத்திலிருந்து பிறருக்குப் போவது செலவிணைப்பாக வேண்டும். பழந்தமிழில் செலவு என்பது செல்லுதல்தான்; பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். இணைச்சொற்களாக இவை பொருந்திவருவதால் என் முன்மொழிவை விட்டுக்கொடுக்கிறேன். நோஃபாலோவுக்குத் 'தொடரேல்' என்று வைக்கலாம். 'ஈவது விலக்கேல்' என்று ஔவையார் சொன்ன அதே எதிர்மறை ஏவல் இது. கணினிக்கு இடும் கட்டளைக்கு மிகவும் பொருந்தும்.

திருநெல்வேலியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. காசு செலவழிக்காமல் என்று தலைப்பிட்ட இயலில் செலவிணைப்பு என்று எழுதினால், அதைக் கட்டண இணைப்பு என்றே படிப்பார்கள். எனவே அதற்கு வெளியிணைப்பு என்று எழுதுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவின் 'வெளி இணைப்புகள்' ஏற்கெனவே வாசகர்களுக்குப் பழக்கமானது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் வரவிணைப்புக்கே பெரும்பான்மை இருக்கிறது. முதல் முறை வருமிடத்தில் மட்டும் பேக்லிங்க் என்பதையும் தமிழ் எழுத்தில் உடன் தருவேன். 'தொடரேல்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாணவர் திரையில் பார்க்கப்போவது நோஃபாலோ என்பதால் அதை அடிக்குறிப்பில் வைக்கிறேன். பெங்களூர் நண்பர் சொன்னபடி, இயல் முழுவதும் 'பெறுதல்' என்ற வினையே வரும்.

மதுரையிலிருந்து:

அச்சுக்குப் போவதைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். கோடிட்ட மூன்று இடங்களிலும் வெறும் 'இணைப்பு' என்றே போட்டுப் பார்த்தேன். பிறரிடம் இணைப்பு கேட்பது, ஓர் இணைப்பு சேர்க்கச் சொல்வது, கிடைத்த இணைப்புகளைப் பார்ப்பது என்று மூன்றும் ஐயமின்றி விளங்குகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கவாட்டுப் பட்டியலில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்றிருப்பதும் தனிப் பெயர்ச்சொல் இல்லாமலேயே பொருளைத் தந்துவிடுகிறது. வேற்றுமை உருபும் வினையும் செய்துவிடும் வேலைக்குப் புதிய பெயர்ச்சொல் எதற்கு என்று தெரியவில்லை. என் வகுப்பில் இணைப்பு என்றே நடத்துவேன். கையேடு வந்ததும் எங்கள் பள்ளிக்கு இருபது படிகள் அனுப்பிவையுங்கள், ஐயா.