குடும்பக் குழு: பாப்பாவுக்கு எந்த ஹைஸ்கூல்?

தங்கை: அண்ணி, இவருக்கு ஜே-1 வெய்வர் வேலை உறுதியாகிவிட்டது. ஜே-1 விசாவில் வந்த டாக்டர், ஆள் பற்றாக்குறை ஊரில் வேலை செய்தால் நாடு திரும்பும் விதியிலிருந்து விலக்கு கிடைக்குமே, அதுதான். டெக்ஸாஸில் ஒரு கிராமப்புற கவுண்டி, மூன்று வருஷம் கட்டாயம். பாப்பா ஆகஸ்டில் ஒன்பதாவது போகிறாள். அங்கே மூன்று பொது ஹைஸ்கூல், மூன்றும் வேறு வேறு டிஸ்ட்ரிக்ட், அதாவது தனித்தனி பள்ளி நிர்வாக வட்டாரம். பள்ளியை முடிவு செய்துவிட்டுத்தான் வீடு பார்க்க வேண்டும்.

அம்மா: மூன்று வருஷம்தானே. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

அண்ணி: அத்தை, ஒன்பது, பத்து, பதினொன்று இந்த மூன்று வருஷத்தில்தான் முடிகிறது. பன்னிரண்டாவது தொடங்கியதுமே கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவார்கள். அதில் போகிற மதிப்பெண் இந்த மூன்று வருஷத்துடையதுதான்.

மாப்பிள்ளை: நான் மாநிலம் பள்ளிகளுக்குப் போடும் தர எழுத்தைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஏ, ஒன்றுக்கு பி, இன்னொன்றுக்கு சி. ஏ வாங்கின பள்ளிக்கே போய்விடலாமே அக்கா?

அண்ணி: அந்த எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2025இல் வெளிவந்த தரத்துக்கு ஹைஸ்கூலில் ஸ்டார் என்கிற மாநிலத் தேர்வு ஐந்து பாடம்தான்: அல்ஜீப்ரா 1, பயாலஜி, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அமெரிக்க வரலாறு. அதோடு எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ எத்தனை பேர் தயார் என்பதும் சேரும். தொழில் சான்றிதழ் வாங்கினாலும் கணக்கில் வரும், அது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே பிசிக்ஸ் நடக்கிறதா, கால்குலஸ் நடக்கிறதா என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அண்ணி: இன்னொன்று. வகுப்பில் நாற்பது பேர்தான் என்றால் ஒரு பிள்ளை படிப்பை விட்டாலே முடித்தவர்கள் கணக்கு 2.5 சதவீதம் இறங்கிவிடும். அதனால் ஒரு வருஷத்து எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கை ரொம்பக் குறைவாக இருந்தால் அடையாளம் தெரியக்கூடாது என்று எண்ணையே மறைத்து, நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள்.

தங்கை: அப்புறம் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

அண்ணி: மாஸ்டர் ஷெட்யூலைக் கேள். எந்தப் பாடம், எந்த நேரம், யார் எடுக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். பாடப்பட்டியலை நம்பாதே, அதில் இருக்கிறதெல்லாம் நடக்காது. நான் கணக்குப் பாடம் நடத்திய கிராமப் பள்ளியில் ப்ரீகால்குலஸ் பட்டியலில் இருந்தது. போதுமான பிள்ளைகள் சேரவில்லை என்று இரண்டு வருஷம் நடத்தவே இல்லை. அதை ஆசையாகக் கேட்ட ஒரு பையன் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து ஆன்லைனில் படித்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அண்ணி: பாப்பா எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்துவிட்டாள் இல்லையா? அப்படியென்றால் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், பன்னிரண்டாவதில் கால்குலஸ். இந்த வரிசை எந்தப் பள்ளியில் அறுந்து போகிறது என்று பார்.

மகள்: அத்தை, சி வாங்கின பள்ளியில் டூயல் கிரெடிட் கால்குலஸ் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கணக்கிலும் சேருமாம்.

அண்ணி: நல்லா தேடியிருக்கிறாய், கண்ணு. யார் எடுக்கிறார்கள் என்று கேள். கல்லூரி ஆசிரியர் நேரில் வருகிறாரா, திரையிலா? டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பொதுப்பாடத் தொகுப்பில் இருக்கிற டூயல் கிரெடிட் செல்லும். வெளி மாநிலத்தில் சில தனியார் கல்லூரிகள் ஏற்காது, அங்கே ஏ.பி. என்கிற கல்லூரி நிலைத் தேர்வு கைகொடுக்கும்.

மாப்பிள்ளை: டாப் 10 சதவீத விதி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சின்னப் பள்ளியில் அது சுலபமா?

அண்ணி: 1997இல் வந்த சட்டம். வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வந்தால் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் இருக்கிற டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் (யூ.டி.) மட்டும் 2026 சேர்க்கைக்கு 5 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள். நாற்பது பேர் வகுப்பில் அது இரண்டே பேர். சுலபம் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இருப்பார்கள். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அல்ஜீப்ரா 2 உட்பட நாலு கணக்கு, நாலு அறிவியல், ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துக் கூடுதலாகப் படிப்பது. இதை முடிக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. நுழைவுத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்க வேண்டும். நாலாவது அறிவியல் பாடம் அங்கே நடக்காவிட்டால் ரேங்க் இருந்தாலும் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் இருக்க வேண்டும்.

தங்கை: பி பள்ளியில் வாரத்துக்கு நாலு நாள்தான் வகுப்பாம்.

அண்ணி: டெக்ஸாஸில் நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு. வருஷத்துக்கு 75,600 நிமிடம். அதனால் அந்த நாலு நாளும் நீளமாக இருக்கும். ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் ஆளை இழுக்க இப்படிச் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை பாப்பாவோடு யார் இருப்பார்கள் என்பதுதான் உங்கள் கவலை.

அண்ணன்: பஸ்ஸை மறக்காதீர்கள். வேறு டிஸ்ட்ரிக்டில் வீடு எடுத்துவிட்டு மாற்றல் கேட்டால் பெரும்பாலும் பஸ் வராது. மாப்பிள்ளைக்கு இரவுப் பணி வேறு. யார் ஓட்டுவது?

அம்மா: பிள்ளைக்கு அங்கே தோழி கிடைப்பாளா?

அண்ணி: கிடைப்பாள் அத்தை. சின்னப் பள்ளியில் ஒரே பிள்ளை வாலிபாலும் ஆடும், பேண்டிலும் வாசிக்கும். ஆள் பற்றாக்குறைதான் காரணம், ஆனால் அதில் பிள்ளைகள் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மகள்: எனக்கு பேண்டில் கிளாரினெட் வேண்டும்.

தங்கை: சரி. ஏ பள்ளிக்கும் சி பள்ளிக்கும் நாளைக்கே பள்ளியின் மாணவர் ஆலோசகரைக் (கவுன்சிலர்) கூப்பிட்டு இந்த வருஷத்து மாஸ்டர் ஷெட்யூலைக் கேட்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், நீங்களும் பாருங்கள் அண்ணி.

அண்ணி: போடு. பிசிக்ஸ் ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் கேள். அவருக்கு எந்தப் பாடத்தில் சான்றிதழ் என்று மாநிலக் கல்வித்துறைத் தளத்தில் யாரும் பார்க்கலாம், நான் பார்த்துச் சொல்கிறேன்.

மகள்: லேபை நேரில் பார்க்கலாமா என்றும் கேளுங்கள் அம்மா.