ரிவ்யூவுக்கு ஒரு துறையைத் தவிர யாரும் வருவதில்லை, ஒரே திரையை மூன்று ஸ்பிரிண்டாகத் திருத்துகிறோம். தவறு எங்கே?

தறி:
வணக்கம். 300 படுக்கை மருத்துவமனை ஒன்றுக்கான மென்பொருள். 8 பேர் டீம், ஸ்க்ரம் முறையில் 2 வார ஸ்பிரிண்ட் (சிறு வேலைச் சுற்று), ஒவ்வொன்றின் முடிவிலும் செய்ததைக் காட்டும் ரிவ்யூ. வார்டு, மருந்தகம், கணக்கு என மூன்று துறைகள். ரிவ்யூவுக்குக் கணக்குத் துறை மட்டுமே வருகிறது. 'மருந்து ரிட்டர்ன்' (மிஞ்சிய மருந்தைத் திருப்பித் தருவது) திரையில் ஆளுக்கொரு மாற்றம் கேட்கிறார்கள். பிராடக்ட் ஓனராக (எந்த வேலை முதலில் என்று முடிவெடுப்பவராக) 3 பேர் குழு இருக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

படித்துறை:
அந்தக் குழுவை. பிராடக்ட் ஓனர் ஒரே ஆள், குழு அல்ல என்று ஸ்க்ரம் கையேடு தெளிவாகவே சொல்கிறது. மூவரும் ஆலோசனை சொல்லட்டும், பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) வரிசையை மாற்றும் உரிமை ஒருவரிடம் இருக்கட்டும். அதை நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் மறுத்த வேலை மேலிடம் வழியாகத் திரும்பி வரும்.

அடுத்து அந்தத் திரை. மூன்று துறையும் முரண்படுவதாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் ரிட்டர்னின் வேறொரு பகுதியைத்தான் பேசுகிறது. டிஸ்சார்ஜ் நேரத்தில் நர்ஸின் கையில் ஆறு மாத்திரை மிஞ்சிய வெட்டிய ஸ்ட்ரிப் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். மருந்தகத்துக்கோ பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும். அச்சிட்ட முனை வெட்டுப்பட்டிருந்தால் அந்த ஸ்ட்ரிப்பை மறுபடி ஸ்டாக்கில் ஏற்ற முடியாது. கணக்குத் துறைக்கு, எந்த விலையில் பில் போட்டதோ அதே விலையில் கழிக்க வேண்டும். பேட்ச் மாறினால் விலையும் மாறலாம்.

ஆக, இது ஒரே ஸ்டோரி (ஒரு பயனர் தேவைக்கான வேலைத் துண்டு) இல்லை. முழு ஸ்ட்ரிப், வெட்டிய ஸ்ட்ரிப், பில் முடித்தபின் வரும் ரிட்டர்ன் என்று பிரியுங்கள். போன மாத ரிட்டர்ன் சீட்டுகளில் 30 எடுத்து, நோயாளி பெயரை மறைத்து, எந்த வகை அதிகம் என்று எண்ணுங்கள். அதிகமானது முதல் ஸ்பிரிண்டில் போகட்டும். அந்தச் சீட்டுகளே ஏற்பு நிபந்தனை: அவற்றைத் திரை சரியாகப் பதிந்தால்தான் வேலை முடிந்தது.

மணல்மேடு:
நர்ஸ்கள் ரிவ்யூவுக்கு வரவில்லை என்பதை அக்கறையின்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் வைத்தால் யாராலும் வர முடியாது. நீங்கள் வார்டுக்குப் போங்கள்: ஸ்பிரிண்டின் 5 அல்லது 6ஆம் நாள், காலை மருந்து கொடுத்து முடித்த பிறகு, 15 நிமிடம் போதும். மிச்ச நாட்களில் திருத்த இடம் இருக்கும். "திரை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். உண்மையான சீட்டையும் மவுஸையும் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கை எங்கே தயங்குகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ரிவ்யூவில் முடிவெடுப்பவர்கள் இருந்தால் போதும்.

தறி:
நன்றி. ஸ்பிரிண்ட் நடுவே நிர்வாகம் புது வேலை சேர்த்தால்?

படித்துறை:
பிராடக்ட் ஓனர் வழியாக மட்டுமே வரலாம். அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும், எது போகிறது என்பதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். ஸ்பிரிண்ட் இலக்கே பயனற்றுப் போனால் ஸ்பிரிண்டை ரத்து செய்யலாம். அந்த உரிமையும் பிராடக்ட் ஓனருக்கு மட்டும்தான்.

உப்பளம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் சென்டினல் வழக்குக் கோப்பு மென்பொருள் 2006இல் தொடங்கி இழுத்தடித்தது. 2010இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் கையில் எடுத்து 2 வார ஸ்பிரிண்டுக்கு மாற்றியது. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான பயனர்களை ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சோதித்தபோது மென்பொருள் இரண்டு முறை படுத்துவிட்டது. பழைய வன்பொருள் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. பயன்பாட்டுக்கு வந்தது 2012 ஜூலையில். பத்து பேர் பார்க்கும் ரிவ்யூவில் இப்படிப்பட்ட கோளாறு வெளிவராது. உங்கள் திரையையும் டிஸ்சார்ஜ் குவியும் நேரத்தில், எல்லா வார்டிலும் ஒரே சமயத்தில், சோதனை சர்வரில் ஓட்டுங்கள். வெளியிடும் தேதியை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.