வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: எது நிஜத் தடை, எது நானே சொல்லிக்கொள்ளும் சாக்கு?

ஈரோட்டு வாசகன் கேட்டது:

வணக்கம். ஜவுளி மொத்தக் கடையில் பில் போடும் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரை ஆகிவிடும். திங்கள் ராத்திரியும் செவ்வாயும் சந்தை, அப்போது புத்தகத்தைத் தொடவே முடியாது. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடிக்கொண்டே இருக்கும். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வைப் போன முறை எழுதியதில் 200க்கு 121 சரி: தமிழ் 68, பொது அறிவு 42, கணக்கு 11.

இதையெல்லாம் சொன்னால் "எல்லாம் சாக்கு" என்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது, பாதி அநியாயமாகப் படுகிறது. ஊக்கமூட்டும் வீடியோ பார்த்தால் இரண்டு நாள் வேகம் இருக்கிறது, பிறகு பழையபடிதான். கணக்கு எனக்கு வராது என்பதும் பள்ளிக்காலத்திலிருந்தே தெரிந்தது. "பொறுப்பை நீயே ஏற்றுக்கொள்", "நேர்மறையாக நினை" என்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது? பொதுவான அறிவுரை வேண்டாம், நாளைக்குச் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

மைக்கூடு:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஐந்து காரணங்கள் இருக்கின்றன: வேலை நேரம், சந்தை நாள், சத்தம், பணம், கணக்கு. ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் பாதி நியாயம், பாதி சாக்கு என்று குழப்பமாக இருக்கிறது. ஒரு தாளில் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி போடுங்கள்: "நாளை காலை இதில் என் கையால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" இல்லை என்றால் அது தடை. அதைத் திட்டத்துக்குள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். உண்டு என்றும், ஆனால் செய்யவில்லை என்றும் வந்தால் அது சாக்கு.

சந்தை நாள் தடை. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். திங்கள் இரவுக்கும் செவ்வாய்க்கும் பூஜ்யம் என்றே அட்டவணையில் எழுதுங்கள். நிறையப் பேர் தினமும் மூன்று மணி நேரம் என்று போடுவார்கள், செவ்வாய் அது உடையும், புதன்கிழமை "திட்டமே போச்சு" என்று புத்தகத்தை மூடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களின் படிப்பு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். உடைந்தது செவ்வாய், வீணாவது வாரம்.

மற்ற ஐந்து நாளும் காலை 5 முதல் 6.30 வரை வைத்தால் ஏழரை மணி நேரம். விடுமுறை நாளில் மேலும் நான்கு, ஆக வாரத்துக்குப் பதினொன்றரை. இது போதும். ஆனால் இரவு பத்தரைக்குள் படுத்தால்தான் ஐந்து மணிக்கு எழுந்தது நிலைக்கும். தூக்கத்தை ஆறு மணி நேரத்துக்குக் கீழே வெட்டிப் படித்தால் முந்தின நாள் படித்தது மண்டையில் தங்காது.

பணம் இந்தத் தேர்வுக்குப் பெரிய தடை இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். உங்கள் நேரத்துக்கு வகுப்பு ஒத்துவராவிட்டாலும், அங்கே நடக்கும் மாதிரித் தேர்வு எப்போது என்று ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். பாடத்திட்டத்தை மட்டும் தேர்வாணையத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பி.டி.எஃப். வேண்டாம்.

உங்கள் மதிப்பெண்ணே வழி சொல்கிறது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு (நீங்கள் கணக்கு என்பது) 25. தமிழில் 40 கேள்வி சரியானால் தகுதி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் அந்தப் பகுதி தகுதிக்கு மட்டுமில்லை, மொத்தத்திலும் சேருகிறது. அங்கே 32 கேள்வி விட்டிருக்கிறீர்கள். பயம் கணக்கில், ஆனால் அங்கே விட்டது 14தான். தமிழிலும் பொது அறிவிலும் (33) அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விட்டிருக்கிறீர்கள். இதை யாரும் கவனிப்பதில்லை.

நூலகத் தோழி:

மைக்கூடு சொன்னதோடு சேர்த்து "கணக்கு வராது" என்பதை மட்டும் கையில் எடுக்கிறேன். அந்த வாக்கியம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து, ஏனென்றால் அதற்குள் செய்ய வேண்டிய வேலை எதுவுமே இல்லை.

ஒரு நோட்டில் தவறுக் கணக்கு ஆரம்பியுங்கள். 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12 வினாத்தாள்களை இறக்கி, நேரம் வைத்து எழுதி, விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: ப என்றால் படிக்கவே இல்லை, ம என்றால் படித்து மறந்தது, வா என்றால் கேள்வியைத் தவறாக வாசித்தது, ஊ என்றால் இரண்டில் ஒன்று என்று ஊகித்தது, நே என்றால் நேரம் போதவில்லை. "சரியாகப் படிக்கலை" என்று மொத்தமாக எழுதுவது மட்டும் கூடாது, அதை வைத்து மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது.

ஓர் உதாரணம். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 2 ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறார்கள். இரண்டு வட்டியையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டு நிமிடம் போகும். அசலை (வட்டி வீதம் ÷ 100) இன் வர்க்கத்தால் பெருக்கினால் நேரே வரும்: 5,000 × 0.0064 = 32 ரூபாய். இதில் தப்புகிறவர்கள் மூன்று வகை. வாய்ப்பாடே தெரியாதவர், அது 2 ஆண்டுக்கு மட்டும் என்பதை மறந்து 3 ஆண்டுக்கும் போடுகிறவர், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி என்ற சொல்லைக் கவனிக்காமல் வீதத்தைப் பாதியாக்க மறக்கிறவர். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாமவர் வாய்ப்பாடு படிக்க வேண்டும், இரண்டாமவர் அது எப்படி வந்தது என்று ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும், மூன்றாமவர் கேள்வியில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் போதும். மூவருமே வெளியில் சொல்வது "எனக்குக் கணக்கு வராது" என்பதுதான்.

சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர், பகடை. முக்கியத் தலைப்புகள் இவை, எல்லாம் பத்தாம் வகுப்புக்குள். வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு தலைப்புக்கு 40 கணக்கு. சுலபமானதில் தொடங்குங்கள். பகடையும் எண் தொடரும் பயிற்சி ஆன உடனே மதிப்பெண் தரும்.

தமிழிலும் இதே வேலைதான். "பொருந்தாததைத் தேர்ந்தெடு", "தவறான கூற்று எது" போன்ற கேள்விகளில் வா என்ற எழுத்து அடிக்கடி விழும். படித்ததுதான், ஆனால் கண் "தவறான" என்பதைத் தாண்டிப் போயிருக்கும். அந்தச் சொல்லை வட்டமிடும் பழக்கம் வந்தாலே சில கேள்விகள் மீளும்.

கீழ்வானம்:

வீடியோ பற்றிக் கேட்டதற்கு என் பதில். வென்றுவிட்ட மாதிரி மனதில் படம் ஓட்டிப் பார்ப்பது இனிமையாக இருக்கும், ஆனால் அது மட்டும் போனால் உழைப்பு குறையும் என்பதை கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார். கிடைத்துவிட்ட திருப்தியை மனம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. விரும்பியதை நினைத்த கையோடு, குறுக்கே நிற்பது என்ன என்பதையும் நினைக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முறை. பீட்டர் கோல்விட்சர் என்பவர் அதற்கு அடுத்த படியைக் காட்டினார்: "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்பே முடிவெடுத்து வைப்பது.

உங்களுக்கு அது இப்படி வரும். "ஐந்து மணி அலாரம் அடித்தும் எழவில்லை என்றால், கடைக்குக் கிளம்பும் முன் பத்துக் கேள்வி மட்டும் போடுவேன்." "டிவி சத்தம் அதிகமானால் மொட்டை மாடிக்குப் போவேன், மழையென்றால் காதில் பஞ்சு வைத்துக் கணக்கு மட்டும் போடுவேன்." சத்தத்தில் மனப்பாடம் நடக்காது, ஆனால் பயிற்சிக் கணக்கு ஓரளவு நடக்கும். எழுதும்போது இடமும் நேரமும் வர வேண்டும். "முடிந்தால் படிப்பேன்" என்பது இந்த வகையில் சேராது.

நேர்மறை எண்ணம் என்று நான் மதிப்பது இதைத்தான்: சறுக்கல் வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, வந்த பிறகு செய்ய வேண்டியதைத் தயாராக வைத்திருப்பது.

ஈரோட்டு வாசகன்:

மூவருக்கும் நன்றி. 2024 தாளில் உட்கார்ந்து எழுத்துப் போட ஆரம்பித்தேன். தமிழில் "ம" அதிகமாக இருக்கிறது, நான் நினைத்த "ப" இல்லை. இரண்டு சந்தேகம். ஒரு வாரம் மொத்தமாக விட்டுப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் படிக்கலாமா? முதலாளியிடம் நேரம் கேட்பது சரியா, வேலைக்கு ஆபத்தா?

மைக்கூடு:

இரட்டிப்பு வேண்டாம். விட்டதைச் சேர்த்துக்கொண்டே போனால் கடன்மேல் கடனாகி ஒருநாள் முழுவதும் கைவிடத் தோன்றும். விட்ட வாரத்தை விட்டுவிட்டு, இந்த வாரத்தின் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன தலைப்புக்கு என்று மாதத்தில் நான்காவது வாரத்தைக் காலியாக வையுங்கள்.

"ம" அதிகம் என்பது நல்ல செய்தி. புதிதாகப் படிக்க வேண்டியது குறைவு, திருப்பிப் பார்க்க வேண்டியதுதான் அதிகம். படித்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மூன்று முறை, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். திரும்ப வாசிப்பது திருப்புதல் ஆகாது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

நூலகத் தோழி:

முதலாளியிடம் "படிக்க நேரம் வேண்டும்" என்று கேட்டால் அவர் மாதக்கணக்கில் சலுகை கேட்பதாக நினைப்பார். அளந்து கேளுங்கள்: "புதன், வியாழன் மட்டும் ஏழு மணிக்குக் கிளம்பிக்கொள்கிறேன், அதற்குப் பதிலாகச் சரக்கு எண்ணும் நாளில் முன்னாடியே வந்துவிடுகிறேன், தேர்வு முடியும் வரைதான்." சந்தை முடிந்து கடை ஓய்ந்த நேரம் பார்த்துக் கேட்கலாம். மாட்டேன் என்றாலும் இழப்பில்லை, இப்போதிருக்கும் பதினொன்றரை மணி நேரத் திட்டம் அப்படியே இருக்கிறது. கிடைத்தால் அந்த இரண்டு மாலையும் மாவட்ட மைய நூலகம். எத்தனை மணி வரை திறந்திருக்கும், சொந்தப் புத்தகம் கொண்டுபோகலாமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். எல்லாவற்றையும் சாக்கு என்று தள்ளக் கூடாது. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ வீட்டில் இருந்தால், சமையலும் துணியும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால், அந்தப் பெண்ணுக்கு மன உறுதி குறைவு என்பது பொய். அங்கே செய்ய வேண்டியது வீட்டு வேலையைப் பங்கு பிரிப்பது, அதை வீட்டில் வாய்விட்டுக் கேட்பதும் பொறுப்பேற்பதுதான். எந்நேரமும் களைப்பு, மூச்சு வாங்கல் என்றால் ரத்தசோகையோ தைராய்டோ என்று அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெடுகிறது, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அட்டவணையை ஓரமாக வையுங்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104க்கோ, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்கோ அழைத்துப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. நோயைச் சோம்பல் என்று திட்டிக்கொண்டே படித்து யாரும் தேறியதில்லை.

கீழ்வானம்:

தேர்வு அறைக்குள் நம் கையில் இருப்பவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். "என் நேரம் சரியில்லை" என்று பலர் சொல்வதன் பின்னால் இவைதான் இருக்கும்.

மூன்று மணி நேரம், 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. தமிழுக்கு 50 நிமிடம், பொது அறிவுக்கு 50, கணக்குக்கு 45. மிச்சம் 35 நிமிடம் விடைத்தாளில் வட்டம் நிரப்பவும் சந்தேகக் கேள்விகளுக்கும். 200 வட்டத்தை ஒரேயடியாகக் கடைசியில் நிரப்பப் போனால் வரிசை மாறும், ஒன்று தப்பினால் அடுத்ததெல்லாம் தப்பு. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புங்கள். கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு, புதிதாக வாங்கியதை வீட்டிலேயே கொஞ்சம் எழுதிப் பார்த்து எடுத்துப் போங்கள்.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. விடை தெரியாது என்பதற்கு E என்று ஐந்தாவது வட்டம் இருந்தாலும், நேரம் இருக்கும்வரை நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம். ஆனால் எதையும் காலியாக விடாதீர்கள். எந்தெந்த வட்டம் எத்தனை நிரப்பினோம் என்று எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறதா என்று விடைத்தாளின் அறிவுரையைப் பாருங்கள்.  இருந்தால் மாதிரித் தேர்விலேயே எண்ணிப் பழகுங்கள்.

சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு முதல் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ்வழி என்று பள்ளித் தலைமையாசிரியர் சான்றிதழ் தர வேண்டும். இரண்டு மூன்று பள்ளியில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். முடிவு வந்த பிறகு ஓடினால் பள்ளி விடுமுறையில் இருக்கும். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்பின்னாக இருந்தால் திருத்த இ-சேவை மையத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.