கட்டுநாயக்க – லண்டன்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி (ஹட்டன்)
ஜனவரியில் அம்மா, லண்டனில் இருக்கும் தம்பியிடம் தனியாகப் போகிறார். முதல் விமானப் பயணம். இடையில் மாறத் தேவையில்லாத நேரடி விமானம். பகல் 1.15க்குப் புறப்பட்டு இரவு 7.00 மணிக்கு ஹீத்ரோவில் இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. கழித்தால் ஐந்தே முக்கால் மணி நேரம்தான் வருகிறது. தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 8,700, இன்னோரிடத்தில் 4,700. 8,700ஐ மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஒன்பது மணி நாற்பது நிமிடம். எதை நம்புவது? அம்மா இன்சுலின் போடுபவர். சாப்பாடும் ஊசியும் நேரம் தவறக்கூடாது.

பதில் (கொட்டகலை)
அக்கா, பதினொன்றேகால் மணி நேரம் என்று எழுதி வையுங்கள். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், கோடையில் நாலரை. நீங்கள் கழித்து எடுத்ததோடு ஐந்தரையைக் கூட்டுங்கள்.

தூரத்தில் இரண்டு எண்களும் சரிதான். 8,700 கிலோமீட்டர், 4,700 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆனால் அது பூமியின் வளைவோடு அளந்த மிகக் குறுகிய பாதை. அந்தக் கோடு உக்ரைன் பக்கமாகப் போகிறது. 2022 பெப்ரவரியிலிருந்து அந்த வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். மேற்கே போகும்போது உயரத்தில் எதிர்காற்று வேறு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஹீத்ரோவுக்கு மேலே முறைக்காக வட்டமடிப்பதும் டிக்கெட் நேரத்தில் அடக்கம். வகுத்துப் பார்ப்பதில் இவை எதுவும் வராது.

பதில் (டிக்கோயா, தாதி)
தங்கச்சி, அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்ற வேண்டாம். லண்டனில் இரவு 7.00 ஆகும்போது அவருடைய உடம்புக்கு நள்ளிரவு 12.30. இரவுச் சாப்பாடும் ஊசியும் வானத்திலேயே வந்துவிடும். இறங்கிய பின் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. அளவை எப்படி மாற்றுவது என்பதைக் கிளினிக் டாக்டரிடம் இப்போதே கேட்டு, கடிதமும் வாங்குங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே வேண்டாம், சரக்கறையில் உறைந்துவிடலாம். கைப்பையில் இருக்கட்டும், கூடவே குளுக்கோஸும் பிஸ்கட்டும்.

கேள்வி (ஹட்டன்)
மிக்க நன்றி. திரும்பி வரும்போதும் இதே பதினொன்றேகாலா? வேன் எத்தனை மணிக்குச் சொல்வது?

பதில் (கொட்டகலை)
வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சற்றுக் குறையும். அந்த டிக்கெட்டில் ஐந்தரையைக் கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது.

வேனை அதிகாலை நான்கு மணிக்குச் சொல்லுங்கள். பத்தேகாலுக்குள் கட்டுநாயக்கவில் இருக்க வேண்டும். கினிகத்தேனை, கித்துல்கல வழியாக நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். பனிமூட்டம் இறங்கினாலோ, மழையில் மண் சரிந்தாலோ இன்னும் கூடும்.

பதில் (டிக்கோயா, தாதி)
அந்த வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டபின் சாப்பாடு தங்காவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும்.